பழைய ஆதாரங்களும் பேகிட் கருவியும்: ஆறு ஆண்டு அனுபவம்

தக்கலையில் எங்கள் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் பெட்டிகளில் கிடந்த நில ஆதாரங்களை (பத்திரங்களை) 2019-இல் ஸ்கேன் செய்யத் தொடங்கினேன். 1956 வரை இப்பகுதி திருவிதாங்கூரோடு இருந்ததால் அவற்றுள் பல மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டவை. மடிப்பிலேயே இற்றுப்போகும் அந்தத் தாள்களை மறுமுறை விரிக்க முடியாது. ஆகவே, எடுத்த படக்கோப்புகள் ஒரு பிட்டும் மாறாமல் இருக்கின்றனவா என்று அவ்வப்போது உறுதிசெய்யும் கருவி எனக்குத் தேவைப்பட்டது.

லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வழங்கும் பேகிட்.பை என்ற பைத்தான் நிரலைத் தேர்ந்தெடுத்தேன். கோப்புகளையும் அவற்றைச் சரிபார்க்கும் பட்டியலையும் ஒரே 'பை'யாகக் கட்டிவைக்கும் முறையே பேகிட்; அது 2018-இல் ஆர்எஃப்சி 8493 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது. டெர்மினலில் ஒரே கட்டளை கொடுத்தால் போதும்; ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256, எஸ்எச்ஏ-512 செக்சம்களை (ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறிகளை) கணக்கிட்டு, மேனிஃபெஸ்ட் என்னும் சாதாரண உரைக்கோப்பில் எழுதிவிடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது நகல் எடுப்பதில்லை, கொடுத்த கோப்புறையையே மாற்றி, உள்ளிருப்பவற்றை டேட்டா என்ற உட்கோப்புறைக்குள் தள்ளிவிடும். கையில் ஒரே பிரதி மட்டும் இருந்தால் அதன்மேல் இந்தக் கட்டளையை ஓட்டவே கூடாது.

தொடக்கத்தில் நேரத்தை மிச்சப்படுத்த, மாதந்தோறும் 'ஃபாஸ்ட்' தெரிவோடு சரிபார்த்து வந்தேன். அது கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த பைட் அளவையும் மட்டுமே ஒப்பிடும். ஒரு மழைக்காலத்தில், அடிக்கடி மின்சாரம் போய்வந்த வாரத்துக்குப் பிறகு, முழுச் சரிபார்ப்பை ஓட்டியபோது ஒரு டிஃப் படக்கோப்பின் செக்சம் பொருந்தவில்லை. திறந்து பார்த்தேன், சாட்சிகள் கையொப்பமிட்ட பகுதியின் குறுக்கே சாம்பல் நிறப் பட்டை ஒன்று ஓடியிருந்தது. கோப்பின் அளவு மாறாததால் 'ஃபாஸ்ட்' அதையும் செம்மை என்றே சொல்லிவந்திருக்கிறது. இரண்டாம் வன்தட்டில் இருந்த பிரதி அதைக் காப்பாற்றியது. அன்று முதல், குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் க்ரானில் முழுச் சரிபார்ப்பை மட்டுமே வைத்திருக்கிறேன். ஓர் இரவு முழுவதும் ஓடினாலும் ஓடட்டும்.

தமிழ்க் கோப்புப் பெயர்களால் வந்த சிக்கல் வேறு வகையானது. 'கொல்லம்-1100' என்ற பெயரில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய மேக் வன்தட்டு ஒன்றின் வழியாகப் போய்த் திரும்பிய பையை, மேனிஃபெஸ்டோடு ஒப்பிடும் எஸ்எச்ஏ256சம் கட்டளையால் சோதித்தபோது, கண்ணெதிரே இருந்த கோப்புகளையே 'இல்லை' என்றது. மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்புச் சேமிப்பு அமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவில் சேமிப்பதே காரணம் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. கோப்புப் பெயர்களின் குறியாக்கத்தை மாற்றும் கன்வ்எம்வி கட்டளையின் என்எஃப்சி தெரிவு பெயர்களை மீண்டும் சேர்த்த வடிவுக்குக் கொண்டுவந்தது. இப்போது பை கட்டுவதற்கு முன்பே அதை ஒருமுறை ஓட்டிவிடுகிறேன்.