காஹின் மையம்: வியாழன் மதியக் கருத்தரங்கு

தென்கிழக்கு ஆசியாவை ஆய்வு செய்ய வருபவர்களுக்கு நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரில் நான் முதலில் கைகாட்டுவது காஹின் மையத்தைத்தான். கார்னெல் பல்கலைக்கழகம் 1950இல் தொடங்கிய தென்கிழக்கு ஆசிய ஆய்வுத் திட்டத்தின் வீடு இது. வியாழன் மதியம் நடக்கும் ‘காட்டி’ (Gatty) என்ற பெயர்கொண்ட தொடர் சொற்பொழிவுக்குச் சாப்பாடும் உண்டு (மாணவர்களுக்கு அதுவும் முக்கியம்தானே!). பேச்சைவிட, பின்னால் வரும் கேள்விகள்தான் எனக்குப் பிடித்தவை. களப்பணி முடித்துத் திரும்பிய ஆய்வு மாணவர்கள் பேராசிரியர்களையே மடக்குவார்கள். முதல் கட்டுரை வாசிக்க, மாணவர்களே ஆண்டுதோறும் நடத்தும் மாநாடு நல்ல மேடை. அப்புறம், கார்னெலின் க்ரோக் நூலகத்தில் உள்ள எக்கோல்ஸ் தொகுப்பு, அதாவது தென்கிழக்கு ஆசியா பற்றிய நூல் தொகுப்பு. அதற்காகவே வரலாம். இளங்கலை மாணவர்களுக்குச் சில பேச்சுகள் கனம்தான். இந்தோனேசிய மொழியோ தாய்லாந்து மொழியோ தெரியாவிட்டால் தொகுப்பில் பாதி எட்டாது. மொழி வகுப்பில் முதலில் சேருங்கள்.