கவுன்டி வாரியாகத் தேர்தல் முடிவு: எந்த வரைபட மென்பொருள் ஏற்றது?

அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவை மாநில வாரியாக வரைபடத்தில் காட்ட எந்த மென்பொருளும் போதும். மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவுகளான 3,100-க்கு மேற்பட்ட கவுன்டிகளுக்கு இறங்கும்போதுதான் ஒவ்வொன்றின் பலமும் பலவீனமும் வெளிப்படும்.

சிக்கல் குறியீட்டு எண்ணிலேயே தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு கவுன்டிக்கும் ஃபிப்ஸ் எண் என்ற ஐந்து இலக்க அரசுக் குறியீடு உண்டு. அலபாமாவின் அடாகா கவுன்டிக்கு 01001. எக்செலில் திறந்தால் முன்னால் உள்ள சுழி உதிர்ந்து 1001 ஆகிவிடும்; கவுன்டிகளின் எல்லைக்கோடுகளைத் தரும் எல்லைக் கோப்பிலோ 01001 என்று எழுத்து வடிவிலேயே இருக்கும். இரண்டும் இணையாததால், கலிஃபோர்னியா உட்பட ஏழு மாநிலங்கள் வெற்றிடமாக நிற்கும். இந்த இடத்தில் க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் தனித்து நிற்கிறது. கோப்பை ஏற்றும்போது எல்லாப் புலங்களையும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளலாம். உதிர்ந்த சுழியை எல்பேட் (lpad) என்ற ஒரே கட்டளையில் திரும்பச் சேர்க்கலாம். இலவசம், திறந்த மூலம், எந்தக் கணினியிலும் ஓடும். பழகச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

டேட்டாராப்பர் (Datawrapper) என்ற இணையச் சேவையில் பழகும் பாடே இல்லை. உலாவியில் தரவை ஒட்டினால் சிறிது நேரத்தில் வண்ணப்படம் தயார். கைபேசியிலும் அழகாகத் தெரியும். இலவசக் கணக்கிலேயே வெளியிடலாம். ஆனால் வாக்கு வித்தியாசம், சதவீதம் எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிட்டுக் கொண்டுவருவது நல்லது.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டியில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வசிக்கிறார்கள். டெக்சாஸின் லவிங் கவுன்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர். நிறம் மட்டும் பூசினால் நிலப்பரப்புதான் பேசும். 2020-இல் டிரம்ப் 2,500-க்கு மேற்பட்ட கவுன்டிகளை வென்றார். பைடனோ சுமார் 70 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். டிரம்ப் கட்சியின் சிவப்பில் மூழ்கிய வரைபடத்தைப் பார்ப்பவருக்கு இது புரியவே புரியாது. ஆகவே வாக்கு எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருத்துச் சிறுக்கும் குமிழ்ப்படம் கட்டாயம் வேண்டும். க்யூஜிஐஎஸ்ஸில் அதே அடுக்கின் குறியீட்டை மாற்றினால் போதும். டேட்டாராப்பரில் அதை வேறு வகைப் படமாகத் தனியே தொடங்க வேண்டும்.

ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ (ArcGIS Pro) என்ற வணிக மென்பொருளில் முடியாதது எதுவும் இல்லை. ஆனால் விண்டோஸில் மட்டுமே ஓடும். உரிமக் கட்டணமும் உண்டு. அலுவலகத்தில் ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்துங்கள். இந்த வேலைக்கென்று வாங்காதீர்கள்.

முடிவுகள் வரவர மாறும் படம் வேண்டுமென்றால் டி3 (D3) என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகம். நிரல் எழுதுபவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அலாஸ்காவையும் ஹவாயையும் ஓரத்தில் அடக்கமாக வைக்கும் வரைவுமுறை (உருண்டையான பூமியைத் தட்டையாக்கும் முறை) அதிலேயே இருக்கிறது. லீஃப்லெட் (Leaflet) என்ற இன்னொரு நிரல் நூலகத்தின் இயல்பான மெர்கேட்டர் வரைவுமுறையில் அலாஸ்கா பூதாகாரமாக வீங்கிவிடும். தவிர, அலாஸ்கா தன் முடிவுகளைக் கவுன்டி வாரியாக அல்லாமல் மாநிலச் சட்டமன்றக் கீழவைத் தொகுதி வாரியாக அறிவிக்கிறது. அதற்கு எந்த மென்பொருளானாலும் தனி எல்லைக் கோப்பு தேவை. கனெக்டிகட்டிலும் கவனம் தேவை: அங்குள்ள 8 கவுன்டிகளுக்குப் பதில் 9 திட்டமிடல் வட்டாரங்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 2022-இல் ஏற்றுக்கொண்டது. 2020 முடிவுக்குப் பழைய எல்லையையே எடுக்க வேண்டும்.

என் தேர்வு: க்யூஜிஐஎஸ்ஸில் தயாரித்து, டேட்டாராப்பரில் வெளியிடுவது. மூலக் கோப்புகள் உங்கள் கணினியிலேயே இருக்கட்டும். இணையத்தில் தரவை வைத்து வரைபடமாக்க உதவிய கூகுள் ஃப்யூஷன் டேபிள்ஸ் 2019 டிசம்பரில் மூடப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்த வரைபடங்கள் செயலிழந்தன.