மாங்கனிக் கண்காட்சிக்கு வந்தால் ரூம் எங்கே போடுவது: பழையபேட்டை பக்கமா, பைபாஸிலா?

கிருஷ்ணகிரியின் பழைய ஊர்ப் பகுதியான பழையபேட்டையில் இருந்த எங்கள் தாத்தா வீட்டை விற்று ஆறு வருடம் ஆகிறது. அதிலிருந்து மாம்பழ சீசனில் மாங்கனிக் கண்காட்சிக்காகக் கிருஷ்ணகிரி வந்தால், சொந்த ஊரிலேயே ரூம் போட்டுத்தான் தங்குகிறோம். பைபாஸிலும் தங்கிப் பார்த்தாயிற்று, ஊருக்குள்ளும் தங்கிப் பார்த்தாயிற்று. சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் வருடா வருடம் "எதுப்பா நல்லது?" என்று கேட்பதால், பட்டதையெல்லாம் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கண்காட்சியைப் பகலில் பார்க்க வருபவர் பாதியைத்தான் பார்க்கிறார். தட்டுத் தட்டாக அடுக்கி, ரகத்தின் பெயர் எழுதி வைத்திருக்கும் மல்கோவா, செந்தூரா, அல்போன்சா, நீலம் எல்லாம் பகலிலும் அங்கேயேதான் இருக்கும். ஆனால் ஊர் வீட்டை விட்டு வெளியே வருவது வெயில் தாழ்ந்த பிறகுதான். ராட்டினத்து விளக்கு, டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, கீற்றுப் போட்டு உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய பெங்களூரா மாங்காய், தூங்கி விழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னொரு சுற்று போகும் அப்பாக்கள். அங்கிருந்து கடைவீதி வழியாகப் பழையபேட்டைக்குள் நடந்தால் தமிழ், உருது, தெலுங்கு, கன்னடம் நான்கும் ஒரே தெருவில் காதில் விழும். இந்த நடைக்காகத்தான் ராத்தங்கலே. இதை மனதில் வைத்துக்கொண்டு ரூமைப் பார்க்க வேண்டும்.

பைபாஸ் ஓட்டல்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பெங்களூரு, சென்னை, சேலம் சாலைகள் எல்லாம் வந்து கூடுகிற ஊர் இது. அதனால் நல்ல ஓட்டல்கள் நெடுஞ்சாலையை ஒட்டியே வந்துவிட்டன. காரைத் தாராளமாக நிறுத்தலாம், லிஃப்ட் உண்டு, நடுராத்திரியில் குழாயைத் திறந்தாலும் சுடுதண்ணீர் வரும், கட்டிலில் விரித்திருப்பது சலவை விரிப்பு. காலையில் இட்லி, பொங்கல் கீழேயே கிடைத்துவிடும்.

சங்கடம் சாயங்காலம்தான் தெரியும். ஊருக்குள் மூன்று நான்கு கிலோமீட்டர்தான், ஆனால் கண்காட்சி நேரத்தில் காரை எடுத்துப் போனால் நிறுத்த இடமில்லாமல் அலைய வேண்டும். ஆட்டோவில் போனால் திரும்பும்போது கஷ்டம். மூன்று வருடத்துக்கு முன் அம்மாவோடு பத்தரை மணிக்கு வெளியே வந்தோம். மழை பிடித்துக்கொண்டது. கேட்ட நான்கு ஆட்டோவும் பைபாஸுக்கு வர மாட்டேன் என்றார்கள். கையில் ஐந்து கிலோ மாம்பழப் பையோடு அம்மா ஒரு மூடிய கடையின் தாழ்வாரத்தில் முக்கால் மணி நேரம் நின்றார். மறுநாள் "இனிமே எட்டு மணிக்கே போயிடலாம்டா" என்றார். எட்டு மணிக்குத் திரும்புவதற்கு எதற்கு ஊரில் ராத்தங்க வேண்டும்?

அடுத்த வருடம் ஊருக்குள் எடுத்தோம், பழையபேட்டையிலிருந்து பத்து நிமிட நடையில். லிஃப்ட் இல்லை. குளியலறை சிறியது, சுடுதண்ணீர் காலை ஆறிலிருந்து ஒன்பது வரைதான். வாடகை பைபாஸில் கொடுத்ததில் பாதி. இருபத்து நான்கு மணி நேரக் கணக்கு என்பதால் சாயங்காலம் வந்தவர்கள் மறுநாள் சாயங்காலம் வரை வைத்துக்கொள்ளலாம். பைபாஸில் மதியம் பன்னிரண்டுக்கே சாவியைக் கொடுத்துவிட வேண்டியிருந்தது.

ஆனால் என்னைச் சாய்த்துவிட்டது வேறு. செங்காயாக வாங்கிய மல்கோவாவைப் பையிலேயே கட்டி வைத்தால் வெந்து போகும். ரூம் பையனிடம் சொன்னதும் பழைய பேப்பர் ஒரு கட்டு கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் விரித்து, "காம்பு கீழ பாத்து வைங்கண்ணா, பால் வடிஞ்சிடும்" என்று அவனே ஒவ்வொன்றாக அடுக்கினான். ஏசியைப் போட வேண்டாம், ஃபேன் போதும் என்றான். காலையில் கண் விழித்தபோது அறை முழுக்க வாசனை. தாத்தா வீட்டுப் பரண் இப்படித்தான் மணக்கும். அம்மா வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

தூக்கத்தைப் பற்றிக் கேட்பீர்கள். ஊருக்குள் இரைச்சல் என்று பயப்படுகிறார்கள். இரைச்சல்தான், பதினோரு மணி வரை. அப்புறம் அடங்கிவிடும்; விடிகாலையில் பாங்கும், கோயில் ஒலிபெருக்கியும், முதல் பஸ் ஹாரனும் எழுப்பிவிடும். பைபாஸில் லாரிச் சத்தம் ராத்திரி முழுக்க ஓயாது. மேம்பாலம் ஏறும்போது கியர் மாற்றுகிற அந்த உறுமல் கண்ணாடி ஜன்னலையும் தாண்டி வரும். இரண்டு இடத்திலும் பின்பக்க அறையைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, பைபாஸ் யாருக்கு? கைக்குழந்தை இருப்பவர்கள், மாடி ஏற முடியாத பெரியவர்கள், விடிந்ததும் பெங்களூருக்கோ ஒகேனக்கலுக்கோ கிளம்புகிறவர்கள் தயங்காமல் அங்கே தங்கலாம். ஓசூரில் தங்கி வந்து போகலாமே என்று ஒரு யோசனை சொல்வார்கள். ஐம்பது கிலோமீட்டர், அதுவும் அந்த நெடுஞ்சாலையில் ராத்திரியில். வேண்டாம்.

மற்றவர்களுக்கு என் ஓட்டு ஊருக்குள்தான். இன்னொரு காரணமும் உண்டு: மலை. 1791-இல் ஆங்கிலப் படை இந்த மலையடிவாரப் பேட்டைக்குள் புகுந்தும், மேலே கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. மறு வருடம் திப்பு சுல்தானோடு போட்ட உடன்படிக்கையில்தான், இந்த ஊர் அடங்கிய பாரமகால் பகுதி ஆங்கிலேயர் கைக்குப் போனது. பைபாஸில் காரில் போகிறவருக்கு அது தூரத்தில் தெரியும் ஒரு பாறை, அவ்வளவுதான். கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டர் இறக்கும் நேரத்தில் பழையபேட்டைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால், கூரைகளுக்குப் பின்னால் பாதி வானத்தை மறைத்துக்கொண்டு அது கறுப்பாக நிற்கும்.

ரூம் போடும்போது மலை தெரிகிற பக்கம் கிடைக்குமா என்று கேளுங்கள். கண்காட்சி நேரத்தில், அதுவும் சனி, ஞாயிறுகளில், ஊருக்குள் அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஒரு வாரம் முன்னாலேயே போனில் சொல்லி வையுங்கள். பழைய பேப்பரையும் அப்போதே கேட்டு வைத்துவிடலாம்.