சொன்ன பவருக்கு அடங்கும் டாங்கிள் எது? மூன்று யூஎஸ்பி வைஃபை சிப்கள், ஒரு மதிப்புரை

வேலூரில், காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ கம்ப்யூட்டர் கடையில் வைஃபை டாங்கிள் கேட்டால், "ரேஞ்ச் நல்லா இருக்கும் சார்" என்று ஆன்டெனாவைக் காட்டித்தான் விற்பார்கள். இங்கே கேள்வி வேறு. லினக்ஸில் நீங்கள் பவரைக் குறைக்கச் சொன்னால் டாங்கிள் உண்மையிலேயே குறைக்கிறதா? சிஎம்சியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளிலும் மாணவர்கள் தங்கும் மேன்ஷன்களிலும் 1, 6, 11 என மூன்று சேனலும் நிரம்பி வழிகின்றன. அங்கே ஒரே அறைக்கு ஹாட்ஸ்பாட் வைக்க 100 மில்லிவாட், அதாவது 20 டிபிஎம் (வைஃபை பவரைச் சொல்லும் அலகு) எதற்கு? 10 டிபிஎம் என்றால் 10 மில்லிவாட்தான். ஓர் அறைக்கு அது தாராளம்.

கட்டளை எளிது: «ஐடபிள்யூ டெவ் டபிள்யூலேன்0 செட் டிஎக்ஸ்பவர் ஃபிக்ஸ்ட் 1000». டபிள்யூலேன்0 என்பது வைஃபை இன்டர்ஃபேஸின் பெயர், உங்கள் கணினியிலும் ரவுட்டரிலும் அது வேறாக இருக்கலாம். கடைசி எண் டிபிஎம் கணக்கில் இல்லை, அதன் நூறில் ஒரு பங்கில் இருக்கிறது, அதாவது 1000 என்றால் 10 டிபிஎம். பலரும் 10 என்று அடித்துவிட்டு, 'ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட் (-95)' என்று வந்ததும் டாங்கிளைத் திட்டுகிறார்கள். அந்தப் பிழை டிரைவரிலிருந்து (டாங்கிளை இயக்கும் மென்பொருள்) வருவதில்லை. எண் 100-ஆல் மீதியின்றி வகுபடாவிட்டால் லினக்ஸின் மையமான கெர்னலில் வைஃபையைக் கவனிக்கும் மேக்80211 பகுதியே திருப்பி அனுப்பிவிடும். 1550 கொடுத்தாலும் இதே கதிதான். பழைய நிலைக்குத் திரும்ப எண் இல்லாமல் 'ஆட்டோ' என்று கொடுத்தால் போதும்.

மேக்80211 உங்கள் எண்ணை அப்படியே கீழே தள்ளுவதில்லை. அந்தச் சேனலுக்கு நாட்டு விதி தரும் உச்சவரம்பு, ஆக்சஸ் பாயின்ட் விதித்த வரம்பு, நீங்கள் கேட்ட அளவு ஆகிய மூன்றில் எது சிறியதோ அதை எடுத்து டிரைவரிடம் கொடுக்கும். அதை வாங்கி சிப்பில் எழுதுவது டிரைவர் வேலை. குட்டு வெளிப்படுவது இந்த இடத்தில்தான்.

ஏஆர்9271 சிப்பின் டிரைவர் (ஏத்9கே_ஹெச்டிசி) வேலையை ஒழுங்காகச் செய்கிறது. வந்த எண்ணை இரண்டால் பெருக்கி, அரை டிபி படிகளாக்கி, சிப்பின் பவர் அட்டவணையில் போடுகிறது. சிப்புக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரும் திறந்த மூலம். ஒரே ஆன்டெனா, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், 150 எம்பிபிஎஸ் என்று பார்த்தால் இன்றைக்கு இது கிழவன்தான். ஆனாலும் சொன்ன பேச்சைக் கேட்கும்.

ஆர்டிஎல்8188இயூஎஸ் நேர்மாறு. கெர்னலோடு வரும் ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ டிரைவர், சேனல் மாறும்போது சிப்பின் நிரந்தர நினைவகமான ஈஃபியூஸில் தொழிற்சாலை எழுதிய அளவுகளைப் படித்து ரேடியோவில் ஏற்றுகிறது. நீங்கள் கேட்ட பவரை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. 'ஐடபிள்யூ டெவ் இன்ஃபோ' மட்டும் 10 டிபிஎம் என்று பவ்வியமாகக் காட்டும். தன் பவரைத் திருப்பிச் சொல்லும் ஃபங்ஷன் டிரைவரில் இல்லையென்றால், மேக்80211 தன் கையில் இருக்கும் எண்ணையே காட்டிவிடும் என்பதுதான் காரணம். திரையில் எண் மாறியதை வைத்துக் காற்றில் பவர் மாறியது என்று நம்ப வேண்டாம்.

5 கிகாஹெர்ட்ஸும் வேண்டுமென்றால் எம்டி7612யூ. பவர் கட்டளைக்குக் கட்டுப்படும். இரண்டு ஆன்டெனாவின் கூட்டுப் பவராக 3 டிபி சேர்த்துத் தானே கணக்குப் போட்டுச் சொல்வதால், நீங்கள் கொடுத்த எண்ணும் திரையில் வரும் எண்ணும் பொருந்தாமல் போகலாம். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், டிரைவர் விழித்திருக்கிறது என்று அர்த்தம்.

சோதிக்கும்போது டாங்கிள் செருகிய லேப்டாப்பின் சிக்னல் கோடுகளைப் பார்த்துப் பயனில்லை, அவை ரவுட்டரின் பவரைத்தான் காட்டும். ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்) போட்ட ரவுட்டருக்குள் போய் 'ஐடபிள்யூ டெவ் டபிள்யூலேன்0 ஸ்டேஷன் டம்ப்' கொடுத்து, 'சிக்னல் ஏவரேஜ்' வரியைப் பாருங்கள். டாங்கிள் மூன்று நான்கு மீட்டர் தள்ளி அசையாமல் இருக்கட்டும். கைக்கெட்டும் தூரத்தில் வைத்தால் ரிசீவர் திணறிப்போய் அளவு பொய்யாகும். லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்குப் பிங் ஓடிக்கொண்டே இருக்கட்டும். 2000-இலிருந்து 1000-க்கு இறக்கினால் அந்த வரியும் ஏறக்குறைய 10 டிபி இறங்க வேண்டும். யாராவது குறுக்கே நடந்தாலே இரண்டு மூன்று டிபி ஆடும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 20-இலிருந்து 17-க்கு இறக்கி வித்தியாசம் தேடுவதும் வீண். வேகமான எம்சிஎஸ் (டேட்டா வேக நிலை) விகிதங்களுக்குச் சிப்பின் அட்டவணையிலேயே பவர் குறைவு என்பதால், அங்கே ஏற்கெனவே 17-க்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கலாம்.

பவரைக் கூட்ட நினைப்பவர்களுக்கு இரண்டே வரி. 2005 அறிவிக்கைப்படி இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 வாட், அதாவது 30 டிபிஎம் வரை உரிமமின்றி அனுமதி உண்டு. ஆனால் டாங்கிளின் தொழிற்சாலை அளவீட்டுக்கு மேல் 3000 என்று அடித்தாலும் ஒன்றும் ஏறாது.

டாங்கிளைப் பிடுங்கிச் செருகினால் நீங்கள் வைத்த அளவு அழிந்துவிடும். சாதனம் செருகியதும் ஓடும் யூடெவ் விதியிலோ, நெட்வொர்க் இணைந்ததும் ஓடும் நெட்வொர்க்மேனேஜரின் டிஸ்பேச்சர் ஸ்கிரிப்டிலோ கட்டளையை எழுதிவைத்துவிடுங்கள்.

வாங்கும்போது பெட்டியில் உள்ள மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஏஆர்9271 இருந்தது, இரண்டாம் பதிப்பிலிருந்து ஆர்டிஎல்8188இயூஎஸ். பெயர் அதேதான். முதல் பதிப்பு இப்போது பழைய சரக்காகத்தான் கிடைக்கும். உபுண்டு பென்டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே செருகி, யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளையை அடித்துப் பாருங்கள். டாங்கிளின் ஐடி எண் 9271 என்று முடிந்தால் எடுக்கலாம். 010சி என்று முடிந்தால் அது ரியல்டெக். வெறும் இன்டர்நெட்டுக்கு என்றால் அதுவும் போதும், பவர் கட்டுப்பாட்டுக்கு என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.