தரங்கம்பாடி: ஓர் இரவு தங்கினால்தான் ஊர் பிடிபடும்

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், அப்படியே தரங்கம்பாடியில் கோட்டை, இருட்டுவதற்குள் நாகூர், வேளாங்கண்ணி. வேன் பிடித்து வருகிறவர்களின் வழக்கமான திட்டம் இது. கோட்டைக்கு இதில் கிடைப்பது பகல் பன்னிரண்டு மணி வாக்கில் முக்கால் மணி நேரம். உச்சி வெயிலில் திடலைக் கடந்து, நாலு படம் எடுத்து, ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுவிட்டு, "இதுக்கா இவ்வளவு பேச்சு" என்று வண்டி ஏறிவிடுவார்கள். அந்த நேரத்தில் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். இந்த ஊருக்கு மாலை நாலு மணிக்கு மேல் வர வேண்டும், இரவு தங்க வேண்டும், மறுநாள் காலை ஒன்பதுக்குள் நடந்து முடித்துவிட வேண்டும். அது முடியாதென்றால் வேறு ஊருக்குப் போவது மேல்.

வரும் வழி எளிது, கடைசி ஒரு கிலோமீட்டர்தான் குழப்பும். ரயிலில் வருபவர்களுக்கு மயிலாடுதுறைதான் வசதி. எழும்பூரிலிருந்து உழவன், சோழன் இரண்டும் அங்கே நிற்கும். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். 1926இல் போட்ட மயிலாடுதுறை-தரங்கம்பாடி ரயில் பாதை 1986இல் மூடப்பட்டுவிட்டது, ஆகவே பழைய வரைபடத்தை நம்பி ஸ்டேஷன் தேட வேண்டாம். பக்கத்து ஊரான பொறையாருக்கு வரும் பஸ்களில் சில தரங்கம்பாடிக்குள் வராது, பொறையாரோடு சரி. ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். சிதம்பரம், சீர்காழி பக்கமிருந்து காரைக்கால், நாகப்பட்டினம் போகும் பஸ்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். மூட்டையோடு வந்தால் அங்கிருந்து ஆட்டோதான். ரொக்கத்தைப் பொறையாரிலேயே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மாதம் என்று கேட்டால் பொங்கல் முடிந்து பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நேராக இந்தக் கரையில்தான் வந்து விழும். புயல் எச்சரிக்கை வந்தால் கடலோரம் நடக்கவே முடியாது. கத்திரி வெயிலில் காலை எட்டுக்கு மேல் தெருவில் நிற்பது தண்டனை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அந்த நாட்களில் சாலையெங்கும் பாதயாத்திரைக் கூட்டம், சுற்றுவட்டாரத்தில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: பெரிய முகூர்த்த நாள் என்றால் திருக்கடையூரில் அறை கிடைக்காத உறவுக்கூட்டம் இங்கேயும் வந்து நிரம்பிவிடும். தேதி குறிக்கும் முன் பஞ்சாங்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஊருக்குள் நுழைவது 1792இல் கட்டிய நகர வாயில் வழியாக. வெள்ளையடித்த சுவர், மேலே டேனிய அரச முத்திரை. டேனியர் என்றால் டென்மார்க்காரர்கள், 1620இல் இங்கே கோட்டை கட்ட வந்தவர்கள். இங்கிருந்து கடல் வரை நேராக ஓடுவது ராஜ வீதி. பத்து நிமிட நடைதான், ஆனால் ஊரின் சரக்கில் பாதி இதன் இரு பக்கமும் இருக்கிறது. விடிவதற்குள் வாயிலில் நிற்பதுபோல் கிளம்பினால், கிழக்கே கடல் முனையில் சூரியன் எழும்போது வீதி முழுக்கக் குறுக்கு வெளிச்சம் பாயும். தையில் ஆறரை வாக்கில் உதயம், வைகாசியில் ஆறுக்கு முன்பே. வண்டிச் சத்தம் தொடங்கியிராத அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இரவு தங்கச் சொல்வது.

வீதியில் இரண்டு தேவாலயங்கள். 1701இல் கட்டிய சீயோன் ஆலயம் டேனிய அதிகாரிகளும் வணிகர்களும் தொழுத இடம். புதிய எருசலேம் ஆலயம் 1718இல் தமிழ்ச் சபைக்காகக் கட்டியது. முகப்பில் டேனிய மன்னர் நான்காம் ஃபிரெடரிக்கின் கிரீடமும் பெயரெழுத்துச் சின்னமும் ஆண்டும் பொறித்திருக்கும். இதைக் கட்டிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, திறந்து சில மாதங்களில், 1719 பிப்ரவரியில், 36 வயதில் இறந்து, இதற்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். 1706 ஜூலை 9 அன்று கரையிறங்கியவர், பத்தாண்டுக்குள் தமிழ் கற்று, அச்சகம் வரவழைத்து, 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்திருந்தார். அச்சுக்கான காகிதத்துக்குப் பக்கத்துப் பொறையாரில் ஆலையே வைத்தார்கள். தமிழ்ப் புத்தகத்தின் மேல் பிரியம் உள்ள எவருக்கும், மதம் எதுவானாலும், கோட்டையைவிட இந்த ஆலயம்தான் முக்கியம். வாரநாட்களில் கதவு பூட்டியிருக்கலாம். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு போனால் உள்ளே பார்க்க வாய்ப்பு அதிகம். மற்ற நாட்களில் வளாகத்தில் யாரிடமாவது பணிவாகக் கேட்டால் திறந்து காட்டுவதும் உண்டு. அட்மிரல் தெருவில் சீகன்பால்கு வாழ்ந்த வளாகத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. அச்சு வரலாற்றில் ஆர்வமில்லாத பிள்ளைகளை அங்கே இழுத்துப் போக வேண்டாம், அரை மணியில் சிணுங்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கோல்ட்ஸ்மித் தெருவை விட்டுவிடாதீர்கள். சுனாமிக்குப் பிறகு, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு இங்கே பழைய வீடுகள் சிலவற்றைச் சீர்செய்தது. திண்ணை, மரத்தூண், ஓட்டுச் சார்ப்பு என்று நம்மூர் வீடுகள்தான், ஆனால் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர் வழுவழுப்பாக, லேசாக மங்கி, அப்படியே நிற்கும். சிமென்ட் பூசிய பழைய சுவரில் இடுப்புயரத்துக்குக் கீழே பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, செங்கல்லில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. உள்ளே மாட்டிக்கொண்ட உப்பு நீர் காய்ந்து படிகமாகும்போது பூச்சைத் தள்ளிவிடுகிறது. கடலோரத்தில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் கொத்தனாரைக் கூட்டி வந்து காட்ட வேண்டிய தெரு இது.

இனி கோட்டை. 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு டேனியத் தளபதி ஓவே கெட்டே செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி எழுந்தது டேன்ஸ்போர்க். ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகை. 225 ஆண்டு கழித்து, 1845இல், டேனியர் இதையும் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயரிடம் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். முதன்மைக் கட்டடம் கடலுக்கு முதுகைக் காட்டியபடி இரண்டு தளமாக நிற்கிறது. கீழே கிடங்கு, சமையலறை, சிறை, சிப்பாய்கள் தங்கும் அறைகள். மேலே ஆளுநரின் இருப்பிடம். மேல்தள மண்டபத்தில் அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள்: ஒட்டகத் திமில் போல நான்கு குவிமாடங்கள், அத்தனை பாரத்தையும் நடுவில் ஒரு தூண் வாங்கி நிற்கும். பெரும்பாலோர் பீங்கான் கோப்பை வைத்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, தலைக்கு மேலிருப்பதைப் பார்க்காமலே வெளியேறுகிறார்கள்.

உள்ளே இருக்கும் அருங்காட்சியகம் தொல்லியல் துறையினுடையது. சீனத் தேயிலை ஜாடி, பீங்கான், வாள், ஈட்டி, திமிங்கல எலும்பு என்று கலவையான சேகரிப்பு. விளக்கக் குறிப்புகள் போதாது, வெளிச்சமும் குறைவு. டிக்கெட் சில்லறைக் காசுதான், அதனால் பெரிதாகக் குறைப்பட்டுக்கொள்ளவும் முடியாது. வெள்ளிக்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறோடு வெள்ளியையும் சேர்த்துத் திட்டம் போடுபவர்கள் முதல் நாளே கோட்டைக்குப் போய் ஏமாறுவது இதனால்தான். படம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காலையில் திடலிலிருந்து பார்த்தால் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் நிற்கும், கோட்டை கறுப்பாகத்தான் விழும். மாலை நாலு மணிக்கு மேல்தான் முகப்பில் வெயில் விழுந்து சுவர் நிறம் கொடுக்கும். திடலில் நிழலுக்கு ஒதுங்க இடமில்லை. குடை, தொப்பி ஏதாவது அவசியம்.

கோட்டைக்கு வடக்கே கரையோரம் மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. சில பத்தாண்டுகளுக்கு முந்தைய படங்களில் இடிந்து சரிந்த கோபுரத்தைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இன்றைய புதுப்பித்த கோயில் சற்று ஏமாற்றம் தரலாம். ஆனால் டேனியர் வருவதற்கு முன்னூறு ஆண்டு முன்பே இது துறைமுகப்பட்டினம் என்பதற்குக் கல்லில் எழுதிய சாட்சி இங்கேதான் இருக்கிறது. ஊரின் கதையை 1620இல் தொடங்கும் வழிகாட்டிகளை இங்கே அழைத்து வந்து நிறுத்த வேண்டும்.

கடலைப் பற்றி நேராகவே சொல்லிவிடலாம். குளிப்பதற்கான கடற்கரை இது இல்லை. அரிப்பைத் தடுக்கக் கரையோரம் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கல் கரையைக் காக்கும், மணலைக் காக்காது. அலை கல்லில் மோதித் திரும்பும் வேகத்தில் அடியிலிருந்த மணலையும் வாரிக்கொண்டு போகும். அதனால் மணல்பரப்பு குறுகல், காலடியில் சட்டென்று ஆழம். பாசி படிந்த கல்லில் செருப்போடு ஏறி செல்ஃபி எடுப்பவர்கள் வழுக்கி விழுவது சகஜம். பிள்ளைகளோடு வந்தால் முழங்கால் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓசோன் நிறைந்த காற்று என்று ஊரே பெருமை பேசும். ஓசோன் சுவாசிக்க நல்ல வாயுவும் இல்லை, கடற்கரையில் அடிக்கும் அந்த மணம் அதனுடையதும் இல்லை. அது கடற்பாசியும் நுண்ணுயிரும் விடும் கந்தகச் சேர்மத்தின் வாடை. காற்று அருமையானது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

தங்குவதற்குக் கடலைப் பார்த்தபடி நீம்ரானா குழுமத்தின் பங்களா ஆன் தி பீச். ஆங்கிலேயக் கலெக்டரின் பழைய பங்களா இது. அறைகளுக்கு இங்கு வந்துபோன டேனியக் கப்பல்களின் பெயர். அறைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், வாரக்கடைசிக்கு முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். செலவைக் குறைக்க நினைத்தால் காரைக்காலில் தங்கிவிட்டு விடியுமுன் வரலாம், சுமார் 15 கிலோமீட்டர். எங்கே எடுத்தாலும் மாடி அறை, கடல் பக்கத்து ஜன்னல் என்று கேட்டு வாங்குங்கள். பகல் முழுக்கப் புழுங்கினாலும் மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பிவிடும். நிலத்துப் பக்கம் ஜன்னல் வைத்த அறைக்கு அது வந்து சேராது.

சாப்பாட்டில் இந்த ஊருக்கு நல்ல மதிப்பெண் கொடுக்க முடியாது. ஊருக்குள் சொல்லிக்கொள்ளும்படி கடை குறைவு. காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் பொறையார் போவதே நல்லது. மீன் சாப்பிட வந்தவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தைத் தவிர்க்கவும். அந்த 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, பைபர் படகில் வருவது மட்டுமே கிடைக்கும், விலையும் ஏறிப்போகும். மற்ற மாதங்களில் காலையில் படகு கரையேறும் நேரத்துக்கு மீனவர் பகுதிப் பக்கம் போனால் சங்கராவும் காலாவும் துள்ளத் துள்ளக் கிடைக்கும். தங்குமிடத்தில் சமைத்துத் தருவார்களா என்று முதலில் கேட்டுக்கொண்டு பிறகு வாங்குங்கள்.

காலை நடை முடிந்ததும் வெயில் நேரத்தைச் சுற்றுப்புறத்துக்கு ஒதுக்கலாம். தில்லையாடி நாலு கிலோமீட்டர். தென்னாப்பிரிக்காவில் காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறை சென்று, வெளியே வந்த சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்த வள்ளியம்மைக்கு அங்கே நினைவு மண்டபம் உண்டு. 1915இல் காந்தியே இந்த ஊருக்கு வந்திருக்கிறார். இருபது நிமிடம் போதும், ஆனால் தவறவிடக்கூடாத இருபது நிமிடம். அனந்தமங்கலத்தில் பத்துக் கை ஆஞ்சநேயரைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். அங்குள்ள ராஜகோபாலசுவாமி கோயிலிலிருந்து 1978இல் திருடுபோன ராமர், சீதை, இலக்குவன் செப்புச் சிலைகள் 2020இல் லண்டனிலிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்டன. திருக்கடையூர் எட்டொன்பது கிலோமீட்டர். நடை சாத்தும் முன், பதினொன்றுக்குள் போய்விடுவது நல்லது. பூம்புகார் போக எண்ணினால் 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்காக மட்டும் போகலாம். மூழ்கிய நகரத்தின் சுவடு எதுவும் கரையில் தெரியாது.

காரைக்கால் பக்கம் போனால் அம்மையார் கோயிலைப் பாருங்கள். ஆனிப் பௌர்ணமியை ஒட்டிய மாங்கனித் திருவிழாவுக்கு வந்தால் இன்னும் நல்லது. சனிக்கிழமை மட்டும் அந்தப் பாதை வேண்டாம், திருநள்ளாற்றுக் கூட்டம் சாலையை அடைத்துவிடும். புதுச்சேரி விலையில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளலாம். பாட்டில் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு திரும்பும் யோசனையை விட்டுவிடுங்கள், நண்டலாறு சோதனைச்சாவடியில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள்.