‘தூங்க வைத்துப் பல் எடுக்கிறோம்’ என்று சொன்னால், மாத்திரையை விழுங்குமுன் இதைப் படியுங்கள்

பல் நாற்காலியைக் கண்டாலே கை நடுங்கும் ஒருவருக்கு நடந்தது இது. கிளினிக்கின் பெயர் இங்கே தேவையில்லை, இதே வழியில் செய்யும் இடங்கள் பல. “தூங்கிவிடுவீர்கள், கண் விழிக்கும்போது இரண்டு ஞானப்பல்லும் வெளியே வந்திருக்கும்” என்று அவரிடம் சொன்னார்கள். கொடுத்தது பெயர் சொல்லாத ஒரு மாத்திரை. பில்லில் ‘செடேஷன்’, அதாவது மருந்தால் அமைதிப்படுத்துவது, என்று தனியாக ஒரு தொகை.

மாத்திரை கொடுத்தது தவறில்லை. பயம் அதிகமுள்ளவர்களுக்கு டயஸெபாம், ட்ரையாஸோலம் போன்றவை நல்ல மருந்துகள்தான். ஆனால் அவை பதற்றத்தைத் தணிக்கும், கண்ணைச் சொக்க வைக்கும், அவ்வளவே. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லும் நிலையில்தான் நோயாளி இருக்க வேண்டும். அதைத் தாண்டி ஆழமாகத் தூங்கினால் மூச்சுப்பாதை தளர்ந்து அடைபடலாம். அந்த நிலைக்கு மயக்கவியல் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே மாத்திரையை மட்டும் வைத்துக்கொண்டு ‘தூங்க வைக்கிறோம்’ என்று சொன்னால் இரண்டில் ஒன்று: பொய் சொல்கிறார்கள், அல்லது ஆபத்தான அளவைக் கொடுக்கப்போகிறார்கள்.

இங்கே இரண்டுமே நடந்தது. இருபது நிமிடம் கழித்தும் பயம் குறையவில்லை என்றதும் இரண்டாவது மாத்திரை கொடுத்தார்கள். வாய்வழி மருந்தின் பெரிய குறையே இதுதான்: அது குடலில் கரைந்து இரத்தத்தில் ஏற அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். முதல் மாத்திரை ஏறி முடிப்பதற்குள் இரண்டாவதைக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து உச்சத்தை எட்டுவது பல் எடுத்து முடிந்த பிறகு, யாரும் கவனிக்காத நேரத்தில். இரத்த நாளம் வழியாக மிடாஸோலம் என்ற அதே வகை மருந்தைக் கொடுப்பவர்கள் 1 மில்லிகிராம் கொடுத்து, இரண்டு நிமிடம் பார்த்து, பிறகே அடுத்ததைத் தருவார்கள். வயதானவர்களுக்கு அதிலும் பாதி. மாத்திரையில் அந்த வசதி கிடையாது. முதல் மாத்திரை போதவில்லையென்றால் அன்றைக்கு நிறுத்திவிட்டு வேறொரு நாள் வேறு முறையில் செய்வதுதான் சரி.

அவர் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்த மருந்துகளையும் யாரும் கேட்கவில்லை. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும், வாயில் வரும் பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளுகோனஸோலும் மிடாஸோலம், ட்ரையாஸோலம், அல்பிரஸோலம் ஆகிய இந்த வகை மருந்துகள் உடலில் உடைந்து வெளியேறுவதைத் தடுக்கும். ஒரு மாத்திரை பல மாத்திரைகளின் வேலையைச் செய்துவிடும். இவையெல்லாம் பல், வாய்ப் பிரச்சினைக்கும் எழுதித் தரப்படும் மருந்துகள் என்பதால் இந்தக் கேள்வியைத் தவறவிட்டதை மன்னிக்கவே முடியாது. குறட்டை, தூக்கத்தில் மூச்சுத்திணறல், மது, வலிக்கான ஓபியாய்டு (அபின் வகை) மருந்துகள் பற்றியும் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது வலி. செடேஷன் வலியைப் போக்காது. மரத்துப்போகும் ஊசி தனியாகப் போட்டு, அது பிடித்துவிட்டதா என்று குத்திப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். “மாத்திரை போட்டிருக்கிறோமே” என்று அவசரப்பட்டதால் அவருக்கு முழு வலியும் தெரிந்தது, சொல்லத்தான் நாக்கு எழவில்லை. மறதி உண்டாக்கும் மருந்து என்பதால் காலையில் நினைவிருக்காது என்று நம்பிச் செய்யும் இடங்களும் உண்டு. அது சிகிச்சையே அல்ல.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அரை மயக்கத்தில் இருந்தவரிடம் பக்கத்துப் பற்கள் இரண்டுக்கும் ரூட் கேனால் வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். மருந்து உள்ளே போன பிறகு வாங்கும் சம்மதம் சம்மதமாகாது. என்னென்ன செய்யப்போகிறார்கள், கூடுதலாக ஏதாவது தெரிந்தால் என்ன செய்வார்கள் என்பதையெல்லாம் மாத்திரைக்கு முன்பே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். “அவசரமில்லாத எதையும் இன்று செய்ய வேண்டாம்” என்று உடன் வருபவரிடமும் சொல்லி வையுங்கள்.

இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் விரலில் இல்லை, இரத்த அழுத்தம் பார்க்கவில்லை, தனியாக வண்டியேற்றி அனுப்பிவிட்டார்கள். சிகிச்சை செய்யும் கை நோயாளியின் மூச்சைக் கவனிக்காது. அதற்கென்றே பயிற்சி பெற்ற இன்னொருவர் அறையில் இருக்க வேண்டும். மூக்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால் ஆக்சிமீட்டர் எண் தாமதமாகத்தான் இறங்கும் என்பதால் திரையை மட்டும் பார்ப்பதும் போதாது, நெஞ்சு ஏறி இறங்குவதையும் பார்க்க வேண்டும். இந்த வகை மருந்துகளின் மயக்கத்தை முறிக்கும் ஃப்ளுமாஸெனில் என்ற மருந்து கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதைக் கொடுக்க நேர்ந்தால் உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அதன் வேலை சுமார் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும், முதல் மருந்து இன்னும் உடலில் இருக்கும், மயக்கம் திரும்பி வரும்.

பயம் மிதமாக இருப்பவர்களுக்கு முதலில் கேட்க வேண்டியது சிரிப்பு வாயு. நைட்ரஸ் ஆக்சைடை ஆக்சிஜனோடு கலந்து மூக்கு முகமூடி வழியாகத் தருவார்கள். பெரும்பாலோருக்கு 30 முதல் 50 சதவீதம் போதும். சிறிது சிறிதாகக் கூட்டலாம், அதிகமானால் உடனே குறைக்கலாம். முடிந்ததும் குறைந்தது ஐந்து நிமிடம் வெறும் ஆக்சிஜன் தராமல் முகமூடியைக் கழற்றினால் தலைவலியும் குமட்டலும் வரலாம். மூக்கடைப்பு, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம், பி12 குறைபாடு இருந்தால் இது வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கடுமையாக இருங்கள். “ஒரே நாளில் வாயின் நான்கு பக்கமும் முடித்துவிடலாம்” என்பது கேட்க நன்றாக இருக்கும். 15 கிலோ குழந்தைக்கு, மரத்துப்போகும் ஊசியில் உள்ள லிக்னோகெயினின் வரம்பு, கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் கணக்கில், 66 மில்லிகிராம். 2 சதவீத மருந்துள்ள 1.8 மில்லி குப்பி ஒன்றில் 36 மில்லிகிராம் இருக்கிறது. முழுதாக இரண்டு குப்பி போட்டாலே வரம்பு மீறும். நான்கு பக்கமும் மரக்க வைத்தால் அங்கேதான் போய் நிற்கும். மயக்கத்தில் உள்ள குழந்தை தலை சுற்றுகிறது என்று சொல்லாது, நேரே வலிப்பு வரலாம். அன்றைக்கே எடை பார்க்காமல் மயக்க மருந்து சிரப்பை ஊற்றிக் கொடுத்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே இப்படி நடந்திருந்தால், மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம், எடுத்த அளவீடுகள் அடங்கிய செடேஷன் பதிவின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பையும் தேதியோடு எழுத்தில் வாங்குங்கள். அடுத்து எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும், எந்த மருந்து எவ்வளவு நேரம் உங்களைச் சாய்த்து வைத்தது என்பதை அவர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள்.