எழுத்தைக் கொடுத்து ஆங்கிலச் சொல்லைத் தேட: எந்த ஆட்டத்துக்கு எந்தக் கருவி?

ஸ்கிராபிள், வேர்டில், குறுக்கெழுத்து, ஸ்பெல்லிங் பீ என்று எதை ஆடினாலும் ஒரு கட்டத்தில் எல்லோரும் கூகுளில் தட்டுவது ஒன்றுதான்: "இந்த எழுத்துகள் வரும் ஆங்கிலச் சொற்கள்". வரும் என்றால் எப்படி வர வேண்டும்? கையில் இருக்கும் ஏழு எழுத்தை மட்டும் வைத்துச் சொல் கட்டுவது ஒரு கேள்வி. ஐந்து கட்டத்தில் இரண்டாவது ஏ, கடைசி ஆர் என்று இடம் தெரிந்து தேடுவது வேறு கேள்வி. எங்காவது க்யூ இருக்க வேண்டும், அதை ஒட்டி யு வரக்கூடாது என்பது மூன்றாவது. இதைப் பிரித்துப் பார்க்காமல் எந்தத் தளம் சிறந்தது என்று கேட்பதில் பயனில்லை.

முதலில், எல்லோர் போனிலும் திறந்து கிடக்கும் சொல் தேடும் தளங்கள். ஏழு எழுத்தைப் போட்டு, எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக் காய்க்குக் கேள்விக்குறி வைத்தால் ஒரு நொடியில் பட்டியல் வந்துவிடும், புள்ளி வாரியாக அடுக்கியும் தரும். ஸ்கிராபிளுக்கு இது போதும் என்றுதான் தோன்றும், ஆனால் பின்னால் இருக்கும் அகராதி எது என்று பார்க்காமல் நம்பக்கூடாது. வட அமெரிக்காவுக்கு ஒரு பட்டியல். இந்தியா, இலங்கை உட்பட மற்ற பெரும்பாலான நாடுகளில் ஆங்கிலப் போட்டிகளுக்குக் காலின்ஸ் பட்டியல். ஈரெழுத்துச் சொற்களை மட்டும் எடுத்தால்கூட 2018 அமெரிக்கப் பட்டியலில் 107, 2019 காலின்ஸில் 127. அப்புறம் பல இலவசச் செயலிகள் எனேபிள் என்ற பொதுப் பட்டியலை வைத்து ஓடுகின்றன. அது பழையது. க்யூவும் ஐயும் சேர்ந்த ஈரெழுத்துச் சொல் அமெரிக்கப் பட்டியலுக்குள் வந்ததே 2006-இல்தான், எனேபிள் அதற்கும் முன்னால் தொகுத்தது. கையில் க்யூ மாட்டிக்கொண்டு யு இல்லாமல் தவிக்கும்போது கைகொடுக்கும் அந்த ஒரு சொல்லே கண்ணில் படாமல் போனால் தேடி என்ன பயன்?

குறுக்கெழுத்துக்கு இந்தத் தளங்களை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அங்கே ஒன்லுக் என்ற அகராதித் தேடல் தளம்தான். ஒரு எழுத்துக்குக் கேள்விக்குறி, எத்தனை எழுத்தானாலும் நட்சத்திரக் குறி, இவ்வளவுதான் கற்க வேண்டியது. அதோடு முக்காற்புள்ளி வைத்து அர்த்தத்தையும் சேர்க்கலாம்: பி-யில் (p) தொடங்கும் ஆறெழுத்து, பறவை சம்பந்தமானது என்று கேட்டால் பேரட், பிஜன், பஃபின் என்று தரும். இரட்டைச் சொற்கள், ஊர்ப் பெயர்கள் எல்லாம் கலந்து வரும். குறுக்கெழுத்தில் அதுவே பலம், ஸ்கிராபிளில் அதுவே தொல்லை.

ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்கும் வேர்டிலுக்கு வருவோம். இங்கே பெரும்பாலோர் தவறான கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. கடைசி நான்கு எழுத்தும் (ight) இடம் சரி என்று பச்சையாகிவிட்டது, முதல் எழுத்து மட்டும் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம்: லைட், நைட், ரைட், ஃபைட், சைட், டைட், மைட், எய்ட், எட்டும் பொருந்தும். இடம் வைத்துத் தேடினால் இந்த எட்டையும் எடுத்துக் காட்டிவிட்டுக் கருவி ஒதுங்கிக்கொள்ளும், மூன்று வாய்ப்பு மிச்சம் இருந்தால் பெரும்பாலும் தோல்விதான். அந்த நேரத்தில் கேட்க வேண்டியது, எஃப், எல், எம், எஸ் நான்கும் எங்காவது வரும் ஐந்தெழுத்துச் சொல் எது என்று. ஃபிலிம்ஸ். ஒரே வாய்ப்பில் நான்கு சொல் தீர்மானமாகிவிடும் (தெரிந்த எழுத்துகளைப் பயன்படுத்தியே தீர வேண்டிய ஹார்ட் மோடில் இப்படி ஆட முடியாது). ஆரம்பத்தில் வேர்டிலின் விடைப் பட்டியல் சுமார் 2,300 சொல்தான், ஏற்றுக்கொள்ளும் சொற்களோ சுமார் 13,000. ஃபிலிம்ஸ் மாதிரிப் பன்மைகள் விடையாக வராவிட்டாலும் உளவு பார்க்க உதவும்.

இந்த மாதிரிக் கேள்விக்கு எனக்குப் பிடித்தது மேக்கிலும் லினக்ஸிலும் இருக்கும் கிரெப், கோப்புக்குள் விதி கொடுத்துத் தேடும் கட்டளை. என்ன விதி வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் எழுதுவதைத்தான் அது செய்யும், நினைப்பதை அல்ல. யு இல்லாத க்யூ சொற்களையே பாருங்கள். யு இருக்கும் சொற்களை எல்லாம் நீக்கு என்றால் புர்கா போய்விடும், அதில் யு க்யூவுக்கு முன்னால் இருக்கிறது. சரி, க்யூவுக்கு அடுத்து யு அல்லாத ஓர் எழுத்து என்று மாற்றினால் புர்கா வரும், நிகாப் வரும், ஃபகீர் வரும், தலாக் வராது, ஏனென்றால் அது க்யூவிலேயே முடிகிறது, அடுத்து எழுத்தே இல்லை. க்யூவுக்கு அடுத்து யு அல்லாத எழுத்து, அல்லது க்யூவிலேயே முடிவது என்று இரண்டு விதியும் சேர்த்துக் கேட்க வேண்டும். இன்னொன்று, மேக்கில் கூடவே வரும் சொற்கோப்பு 1934-ஆம் ஆண்டு வெப்ஸ்டர் அகராதியிலிருந்து எடுத்தது, 2.3 லட்சத்துக்கு மேல் சொல் இருந்தும் பன்மைகளும் இறந்தகால வடிவங்களும் பெரும்பாலும் கிடையாது. நல்ல பட்டியல் ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டுதான் கிரெப்பில் இறங்க வேண்டும்.

ஸ்கிராபிளில் முன்னேற நினைப்பவர்களுக்கு என் ஓட்டு ஸிஸிவா என்ற மென்பொருளுக்கு. அது தேடும் கருவி மட்டுமல்ல, பயிற்சிக் கருவியும்கூட. கையில் வர அதிக வாய்ப்புள்ள எழுத்துக் கூட்டங்களை வரிசைப்படுத்திக் கேள்வியாகக் கேட்கும். ஆர், ஈ, டி, ஐ, என், ஏ (retina) என்ற ஆறோடு எஸ் வந்தால் ரிடெய்ன்ஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர். ஜி வந்தால் கிரானைட், டேரிங் (tearing), இன்கிரேட். ஏழு காயும் இறங்கினால் கூடுதலாக 50 புள்ளி, அதனால் இந்த ஆறெழுத்துக் கூட்டத்தை மனதில் ஏற்றியவர் ஆட்டமே வேறு. நியூசிலாந்து ஸ்கிராபிள் ஆட்டக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றது பட்டியலை மனப்பாடம் செய்துதான்.

நியூயார்க் டைம்ஸின் சொல்லாட்டமான ஸ்பெல்லிங் பீக்கு மட்டும் சாதாரணத் தளங்கள் சுத்தமாக உதவாது. அங்கே ஏழு எழுத்தில் எதையும் எத்தனை முறையும் போடலாம், நடு எழுத்து கட்டாயம், குறைந்தது நான்கெழுத்து. அந்தத் தளங்களோ ஒவ்வொரு காயும் ஒருமுறைதான் என்று எண்ணிக்கொள்கின்றன. இதற்கும் கிரெப்தான், ஆனால் அது தருவதில் பாதியை ஆட்டம் ஏற்காமல் போகலாம். அந்தப் பட்டியல் ஆசிரியர் கையால் சலித்தது, அரிய சொற்களைத் தள்ளிவிடுவார்கள்.